போட்டி வாரத்தில் கிரீனின் வேகத்தை எதிலிருந்து எடுப்பது?

2004 யுஎஸ் ஓப்பன் கோல்ஃப் போட்டியின் கடைசி நாளில் ஷின்னகாக் ஹில்ஸ் மைதானத்தின் 7ஆம் கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றிக் குட்டையாக வெட்டிய புல்பரப்புக்கு, ஆட்டத்தின் நடுவிலேயே தண்ணீர் தெளித்தார்கள். முதலில் வந்தவர்களின் பந்து அந்தப் பரப்பில் நிற்கவே இல்லை. மெல்லத் தட்டிய பந்துகூட உருண்டு கிரீனுக்கு வெளியே போனது. தண்ணீர் தெளித்த பிறகு வந்தவர்களுக்கு வேறொரு கிரீன் கிடைத்தது. அன்று ஒரு வீரர்கூட பாருக்குக் கீழே, அதாவது மைதானத்துக்கு நிர்ணயித்த ஸ்ட்ரோக் எண்ணிக்கையைவிடக் குறைவாக, ஆடவில்லை.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2018இல், அதே மைதானத்தில் அதே போட்டி. சனிக்கிழமை முற்பகலில் டோனி ஃபினாவும் டேனியல் பெர்கரும் ஆளுக்கு 66 ஸ்ட்ரோக்கில் முடித்து, 45ஆம் இடத்திலிருந்து முதலிடத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் அளவுக்கு ஏறினார்கள். பிற்பகலில் காற்று கிரீன்களைக் காயவைத்துவிட்டது. கடைசியாகக் கிளம்பிய முன்னணி வீரர்கள் தடுமாறினார்கள். 13ஆம் கிரீனில் ஃபில் மிக்கல்சன் உருண்டுகொண்டிருந்த பந்தின் பின்னால் ஓடிப்போய் அதை அடித்து, இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை வாங்கினார். சில இடங்களில் எல்லை தாண்டிவிட்டதாக அன்று மாலையே அமெரிக்க கோல்ஃப் சங்கம் ஒப்புக்கொண்டது. மறுநாளுக்குக் கிரீன்களை ஈரப்படுத்தி வேகத்தைக் குறைத்தார்கள். ஞாயிறன்று டாமி ஃப்ளீட்வுட் 63 ஸ்ட்ரோக்கிலேயே முடித்தார்.

இந்த இரண்டு நாட்களையும் யாரையும் குறை சொல்ல இங்கே எடுக்கவில்லை. புல் அறிவியலில் உலகிலேயே தேர்ந்தவர்கள் நின்று பார்த்த கிரீன்கள் அவை. அவர்களுக்கே அப்படி நடக்கிறதென்றால், முதல்முறையாகத் தொழில்முறைப் போட்டியை ஏற்கும் ஒரு மைதானம் இதை எவ்வளவு கவனமாக யோசிக்க வேண்டும்! போட்டி அமைப்பாளர்கள் கிரீனின் வேகத்துக்கு ஒரு எண்ணைக் கேட்பார்கள், அளவுப் பட்டையிலிருந்து விட்ட பந்து உருளும் தூரமாக, பெரும்பாலும் 12 அடி. அந்த 12 அடியைக் கத்தியால் எடுக்கலாம், உருளையால் எடுக்கலாம், தாகத்தால் எடுக்கலாம், பசியால் எடுக்கலாம். நான்கும் ஒரே எண்ணில் கொண்டுபோய் விடும். ஆனால் சனிக்கிழமை மதியம் காற்று திசை மாறும்போது இந்த நான்கும் ஒன்றுபோல நடந்துகொள்ளாது. கிரீன் பராமரிப்பில் வருடங்களைக் கழித்தவன் என்ற முறையில் நான் இவற்றை ஒப்பிடுவது ஒரே கேள்வியை வைத்துத்தான்: எடுத்ததை மறுநாள் காலைக்குள் திருப்பிக் கொடுக்க முடியுமா?

எண்ணைப் பற்றி முதலில்

ஸ்டிம்ப்மீட்டர் என்பது மூன்றடி நீளமுள்ள, நடுவில் பள்ளம் ஓடும் ஒரு பட்டை. மேல் முனைக்கு அருகே உள்ள குழிவில் பந்தை வைத்து, பட்டையை மெல்ல உயர்த்தினால், ஏறத்தாழ 20 பாகைச் சாய்வில் பந்து தானாக விடுபட்டு உருளும். சமமான இடத்தில் எதிரெதிர்த் திசைகளில் மும்மூன்று பந்துகளை உருட்டி, ஓடிய தூரத்தைச் சராசரி பார்த்தால் எத்தனை அடியோ அதுதான் வேகம். 1935இல் ஓக்மாண்டில் நடந்த யுஎஸ் ஓப்பனைப் பார்த்துவிட்டு எட்வர்ட் ஸ்டிம்ப்சன் இதை உருவாக்கினார். 1970களின் கடைசியில் அமெரிக்க கோல்ஃப் சங்கம் இதைச் சற்று மாற்றி மைதானங்களுக்குக் கொடுத்தது. ஒரு மைதானத்தின் 18 கிரீன்களும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று பார்ப்பதற்காகவே கொடுத்தார்கள். பக்கத்து கிளப்போடு போட்டி போடுவதற்காக இல்லை. அப்போது வெளியிட்ட அட்டவணையில் அன்றாட ஆட்டத்துக்கு 8.5 அடியே 'வேகம்', யுஎஸ் ஓப்பனுக்கு 10.5 அடி 'வேகம்'. இன்று 10.5ஐச் சொன்னால் பல கிளப் உறுப்பினர்களே முகம் சுளிப்பார்கள்.

வேகம் கூடக் கூட, குழி வெட்டும் இடம் குறையும். 8 அடி வேகத்தில் நான்கு சத சாய்விலும் குழி வைத்து நியாயமாக ஆடலாம். 12 அடிக்கு மேல் போனால் குழியைச் சுற்றி மூன்று சதத்துக்கு மேல் சாய்வு இருக்கவே கூடாது. இருந்தால் குழியைத் தவறவிட்ட பந்து அருகில் நிற்காமல் கீழே போய்க்கொண்டே இருக்கும். பழைய கிரீன்களின் சாய்வுகள் மெதுவான புல்லை மனதில் வைத்து மண்ணில் செதுக்கப்பட்டவை. நான்கு நாள் போட்டிக்கு ஒவ்வொரு கிரீனிலும் குறைந்தது நான்கு நல்ல இடங்கள் வேண்டும். எனவே எண்ணை ஏற்றுக்கொள்வதற்கு முன், சாய்வு பார்க்கும் டிஜிட்டல் மட்டப்பலகையோடு 18 கிரீன்களையும் நடந்து பார்க்க வேண்டும். எந்தக் கிரீனில் இடம் மிகக் குறைவோ, அந்தக் கிரீன்தான் மைதானம் முழுவதற்கும் வேகத்தை முடிவு செய்கிறது.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில், பிரிட்டிஷ் ஓப்பனை நடத்தும் ஆர் அண்ட் ஏ அமைப்பு வேகத்தை வேண்டுமென்றே குறைவாக வைப்பது கடற்காற்றுக்குப் பயந்துதான். அப்படியும் அங்கே நடந்த 2015 பிரிட்டிஷ் ஓப்பனின் சனிக்கிழமை, நின்ற பந்துகள் காற்றில் நகரத் தொடங்கின. காலையில் தொடங்கிய ஆட்டத்தை அரைமணி நேரத்தில் நிறுத்தி, பத்து மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தார்கள். போட்டி திங்கட்கிழமைதான் முடிந்தது. அங்கே 12 அடி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கத்தியைத் தாழ்த்துவது

எல்லோர் மனதிலும் முதலில் வரும் வழி இது. வழக்கமாக 3 மில்லிமீட்டரில் வெட்டும் கிரீனைப் போட்டிக்கு 2.5க்கு இறக்குவது. அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் புல்லின் கணக்கில் அது ஆறில் ஒரு பங்கு இலை. இலைதான் புல்லுக்குச் சமையலறை. அது சுருங்கினால் வேர் மேலே ஏறும். வேர் மேலே வந்த புல்லுக்கு மதிய வெயிலைத் தாங்கும் பலம் போய்விடும். கிரீனின் மேடுகளிலும் ஓரச்சுற்றிலும் கத்தி தோலை உரிப்பது இந்த உயரத்தில்தான் தொடங்கும். ஓரச்சுற்றில் தினமும் அதே தடத்தில் இயந்திரம் திரும்புவதால் அங்கே புல் முதலில் தேயும். ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோயும் தாழ்ந்த வெட்டை விரும்பி வரும்.

கிடைக்கும் வேகமோ, தாழத் தாழக் குறைந்துகொண்டே போகும். முதல் அரை மில்லிமீட்டர் தந்ததை அடுத்த அரை தராது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்டிய இலையை இரவோடு இரவாக ஒட்டவைக்க முடியாது. வெள்ளிக்கிழமை வெட்டியது ஞாயிறு வரை வெட்டியதுதான்.

கத்தியை வேறுவிதமாகப் பயன்படுத்தலாம், உயரத்தைத் தொடாமலேயே. காலையில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை வெட்டுவதும், மாலையில் இன்னொரு முறை வெட்டுவதும் வேகத்தைத் தரும், பரப்பையும் சீராக்கும். இதற்கு ஆட்கள் வேண்டும். நடந்து தள்ளும் இயந்திரத்தில் ஒரு கிரீனை ஒருமுறை வெட்டவே அரைமணி வரை ஆகும். முதல் அணி ஆடுவதற்குள் 18ஐயும் இரண்டு முறை முடிக்க வேண்டும், அதுவும் இருட்டில், விளக்கு கட்டிய இயந்திரத்தோடு. கத்தி தினமும் தீட்டப்பட வேண்டும். மழுங்கிய கத்தியில் இரண்டு முறை வெட்டுவது இலை நுனியை இரண்டு முறை கிழிப்பதுதான். அந்த நுனிகள் மதியத்துக்குள் வெளுத்துவிடும். பட்டறையில் உட்கார்ந்து கத்தியைச் சரிபார்க்கும் மெக்கானிக்கை எந்தத் தொலைக்காட்சியும் காட்டுவதில்லை. போட்டியின் பாதி அவர் கையில் இருக்கிறது.

உருளை

ஒருகாலத்தில் உருளையை எல்லோரும் அஞ்சினார்கள், மண் இறுகிவிடும் என்று. களிமண்ணைத் தள்ளிக் குவித்துக் கட்டிய பழைய கிரீன்களில், அதுவும் ஈரமாக இருக்கும்போது, அந்தப் பயம் இன்றும் சரிதான். ஆனால் அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் வெளியிட்ட முறைப்படி, சரளைக்கல் அடுக்கின் மேல் ஓரடி ஆழத்துக்கு மணல் நிரப்பிக் கட்டிய கிரீன்களில் இலகு உருளை பெரிய இறுக்கத்தை உண்டாக்குவதில்லை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் நிகோலாய் ஆண்டுக்கணக்கில் நடத்திய ஆய்வுகளில், அடிக்கடி உருட்டிய பரப்பில் டாலர் ஸ்பாட் நோய் குறைந்தது. வேகத்துக்காகச் செய்ததில் புல்லுக்கும் நன்மை கிடைத்தது அரிதான விஷயம்.

உருட்டிய அன்று வேகம் தெளிவாகக் கூடும். பந்து தத்தாமல் உருளும். மறுநாள் அந்தக் கூடுதல் வேகம் மெல்ல இறங்கும். கத்திக்கும் உருளைக்கும் உள்ள வேறுபாடு இதில்தான். நாளை பலத்த காற்று என்று வானிலை அறிக்கை சொன்னால், நாளைக் காலை உருட்டாமல் விட்டுவிடலாம். 7, 11, 13 ஆகிய மூன்று கிரீன்கள் மட்டும் மேட்டில் காற்றில் நிற்கின்றன என்றால், அந்த மூன்றை மட்டும் விடலாம். ஒரே இரவில் ஒவ்வொரு கிரீனுக்கும் தனித்தனியாக முடிவு எடுக்கும் சுதந்திரத்தை உருளை தருகிறது. கத்தியை 3 மில்லிமீட்டரிலேயே நிறுத்திவிட்டு மீதியை உருளையிடம் கேட்பவர்களையே நான் நம்புவேன்.

தாகம்

இது கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டிய பகுதி. காய்ந்த கிரீன் வேகமாகவும் இருக்கும், கெட்டியாகவும் இருக்கும். இந்த இரண்டையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். வேகம் பட்டிங்கை, அதாவது கிரீனில் பந்தைத் தட்டிக் குழிக்கு உருட்டுவதை, சோதிக்கிறது. கெட்டித்தன்மை அதற்கு முந்தைய அடியைச் சோதிக்கிறது. கெட்டியான கிரீனில், ஃபேர்வே என்ற குட்டையாக வெட்டிய ஆட்டப்பாதையிலிருந்து சுத்தமாக அடித்த பந்து சுழற்சியோடு விழுந்து நிற்கும். அதன் ஓரத்து நெட்டைப் புல்லான ரஃபிலிருந்து புல் சிக்கிப் பறந்த பந்து தாவி ஓடிவிடும். ஃபேர்வேயின் எந்தப் பக்கம் பந்தை வைத்தாய் என்பதற்கு அப்போதுதான் பொருள் வருகிறது. மென்மையான கிரீன் எவ்வளவு வேகமாக இருந்தாலும், எங்கிருந்து அடித்தாலும் பந்தை ஏற்றுக்கொள்ளும். அதனால் போட்டிக்கு ஒன்றைத்தான் தர முடியும் என்றால், இரண்டடி வேகத்தை விட்டுக்கொடுத்தாவது கெட்டித்தன்மையைத் தரச் சொல்வேன்.

ஆனால் இந்த வழிக்கு ஒரு பக்கம் செங்குத்தான பள்ளம். மண்ணின் ஈரத்தை இரண்டு ஊசி கொண்ட ஈரமானியால் சத அளவில் படிக்கிறோம். மண் கலவையைப் பொறுத்து எண் மாறும். ஒரு கிரீனில் 15 சதத்தில் புல் சுகமாக இருக்கும், இன்னொன்றில் அதே 15இல் வாடத் தொடங்கும். உங்கள் கிரீன்களின் வாடும் எண் எது என்பதைப் போட்டிக்கு முந்தைய கோடையிலேயே கண்டுபிடித்து எழுதி வைத்திருக்க வேண்டும். போட்டி வாரத்தில் அதைத் தேடக் கூடாது.

இதை நான் என் தவறிலிருந்து கற்றேன். ஒரு போட்டியின் பயிற்சி நாளில் எனக்குக் கொடுத்த கிரீனில் ஒன்பது இடங்களில் ஈரம் பார்த்தேன். சராசரி நன்றாகவே இருந்தது. குழாயை எடுக்கவில்லை. தெற்கு ஓரத்தில் ஒரு சின்ன மேடு இருந்தது, அதன் உச்சியில் ஊசியைக் குத்தவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு அந்த இடம் நீலம் கலந்த சாம்பல் நிறமாக மாறியிருந்தது. நடந்த கால்தடம் எழும்பாமல் அப்படியே கிடந்தது. ஓடிப்போய்த் தண்ணீர் தெளித்தும் மறுநாள் காலை அது வைக்கோலாகத்தான் இருந்தது, நான்கு நாளும் எல்லோரும் பார்க்கும்படி. சராசரி எண்ணில் மேட்டு உச்சி தெரியாது. அதற்குப் பிறகு எந்தக் கிரீனுக்குப் போனாலும் முதல் ஊசி மேட்டில்தான்.

தாகத்தைத் திருப்பிக்கொள்ள முடியுமா? ஓரளவுக்கு முடியும். மதியத்தில் இலை மட்டும் நனையும்படி மெல்லிய தூறல் தெளித்தால் புல்லின் சூடு தணியும், வேகம் பெரிதாகக் குறையாது. ஆனால் வாடும் எல்லைக்கு மிக அருகில் கொண்டுபோய் நிறுத்திவிட்டால், காலைக் கிரீனும் மாலைக் கிரீனும் வேறுவேறு ஆகிவிடும். 2018இல் நடந்தது அதுதான். பிழைத்த புல்லே காலையில் ஆடியவர்களுக்கும் மாலையில் ஆடியவர்களுக்கும் இரண்டு மைதானங்களைக் கொடுத்தது. காலை ஏழு மணிக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்றால், பிற்பகல் மூன்று மணிக்கு எல்லை தாண்டியிருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் சற்று மெதுவாக இருக்கட்டும், அதைப் பார்த்து யாரும் பதறத் தேவையில்லை.

மழை வந்தால் இந்த வழி முழுவதும் மூடிவிடும். 2013 யுஎஸ் ஓப்பனில் மெரியன் மைதானத்தில் நல்ல மழை கொட்டி, கெட்டியான பரப்பு என்ற திட்டம் கரைந்துபோனது. அப்படியும் ஜஸ்டின் ரோஸ் பாருக்கு ஒன்று மேலே முடித்துத்தான் வென்றார். குறுகிய ஃபேர்வேயும் மைதானத்தின் வடிவமும் கைகொடுத்தன. அகஸ்டா நேஷனல் போன்ற இடங்களில் கிரீனுக்கு அடியில் ஓடும் குழாய்கள் வழியாகக் காற்றை உறிஞ்சி ஈரத்தை இழுக்கும் சப்ஏர் அமைப்பு உண்டு. அது இல்லாதவர்கள் மழைக்குப் பின் செய்யக்கூடியது குறைவு. வடிகால், மணல், பொறுமை, அவ்வளவுதான்.

பசி

நைட்ரஜனைக் குறைத்தால் புல் மெதுவாக வளரும். வளராத புல் மதியத்திலும் காலை வேகத்தைக் காக்கும். பழைய கிரீன்கீப்பர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். ஆனால் பட்டினி கிடந்த புல் காயத்தை ஆற்றாது. 156 வீரர்கள், அவர்களின் பைகளைச் சுமக்கும் கேடிகள், பயிற்சி நாட்கள், விழும் ஒவ்வொரு பந்தும் உண்டாக்கும் குழிவு எல்லாவற்றையும் அது தாங்க வேண்டும். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகள் குறைந்த நைட்ரஜன் ஆந்த்ராக்னோஸ் நோயைத் தீவிரமாக்குவதைத் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. அதோடு தாழ்ந்த கத்தியும் சேர்ந்தால் போட்டிக்குப் பிறகு கிரீனே மிஞ்சாது.

இதற்கு மாற்று, வளர்ச்சி அடக்கி. டிரினெக்சபாக் எத்தில் என்ற மருந்து ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோன் உருவாவதைத் தடுக்கிறது. இலை நீளாது, ஆனால் புல் அடர்த்தியாகும், நிறம் கூடும். இதைத் தெளித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக உரம் ஊட்டலாம். புல்லைப் பட்டினி போடாமல் கட்டிப்போடுவது போல. ஆனால் நாட்காட்டியைப் பார்த்துத் தெளிக்கக் கூடாது, வெப்பத்தைப் பார்த்துத் தெளிக்க வேண்டும். ஒவ்வொரு நாளின் சராசரி செல்சியஸ் வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே வந்து, பெண்ட் புல் கிரீனில் 200ஐத் தொடும்போது மறுபடி தெளிப்பது இப்போது பரவலான வழக்கம். 20 பாகை நாட்களில் அது பத்து நாள், 28 பாகை நாட்களில் ஏழு நாள்தான். தவறவிட்டால் அடக்கிவைத்த வளர்ச்சி பீறிட்டு எழும். போட்டி வாரத்தின் புதன்கிழமை அப்படி எழுந்தால் இரண்டு முறை வெட்டினாலும் போதாது.

நான் தேர்ந்தெடுப்பது

அமைப்பாளர்கள் 12 கேட்டால், உருட்டாத காலை வேகம் 10.5லிருந்து 11 வரை வரும்படி புல்லைத் தயார்செய்வேன். கத்தி வழக்கமான உயரத்திலேயே இருக்கும். வளர்ச்சி அடக்கியும் அளவான உரமும் கொடுத்து, மெல்லிய மணல் தூவலை முந்தைய மாதங்கள் முழுக்கச் செய்து, பரப்பைச் சமமாக்குவேன். மீதியை இரட்டை வெட்டும் உருளையும் தரட்டும். ஈரத்தைக் கெட்டித்தன்மைக்காக மட்டும் இழுப்பேன், வேகத்துக்காக இல்லை. வாடும் எண்ணுக்கு மேலே மூன்று நான்கு சதம் மிச்சம் வைப்பேன். இப்படிச் செய்தால் வியாழன் காலை அளவில் எண் கொஞ்சம் ஏமாற்றமாகத் தெரியலாம், அமைப்பாளர்கள் புருவத்தை உயர்த்தலாம். வெள்ளி பிற்பகலில் வெயில் ஏறும்போது அதுவே சரியான இடத்துக்கு வந்து நிற்கும்.

இந்தத் தேர்வு செல்லாத இடமும் உண்டு. களிமண் கிரீன், மழைக்காலப் போட்டி, உருளைகள் போதாத மைதானம் என்றால் கத்தியைச் சற்று இறக்கத்தான் வேண்டியிருக்கும். அப்போது வாரத்துக்குக் கால் மில்லிமீட்டருக்கு மேல் இறக்காமல், மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

ஒன்று மட்டும் எந்த மைதானத்துக்கும் பொருந்தும். போட்டி வருகிறது என்பதற்காக, காற்றும் நீரும் இறங்கக் கிரீனில் துளையிடும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். மைதானத்தை அழகாக வைத்திருக்க வேண்டும் என்று ஒரு பருவம் துளையிடாமல் விட்டால், செத்த வேரும் தண்டும் சேர்ந்து அடியில் பஞ்சு மெத்தை போல ஆகிவிடும். மெத்தையில் இயந்திரம் அமுங்கி, நாம் கேட்காத உயரத்தில் கத்தி வெட்டும். துளைகள் மூடிப் பரப்பு சமமாக இரண்டு மாதம் கொடுத்து, அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

புல்லையே மாற்றலாமா?

2015இல் சேம்பர்ஸ் பேயில் யுஎஸ் ஓப்பன் நடந்தபோது கிரீன்களில் ஃபெஸ்க்யூ புல்லும் தானாக ஊடுருவிய போவா அனுவா என்ற புல்லும் கலந்திருந்தன. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் வளர்ந்ததால் பந்து துள்ளியது. பிராக்கோலி மேல் பட்டிங் செய்வதைப் போல இருக்கிறது என்றார் ஹென்ரிக் ஸ்டென்சன். பிறகு அந்த மைதானம் கிரீன்களைப் போவாவுக்கே மாற்றிக்கொண்டது. பைன்ஹர்ஸ்ட் 2ஆம் எண் மைதானம் 2014 போட்டிகளுக்குப் பிறகு பெண்ட் புல்லை எடுத்துவிட்டு, வெப்பம் தாங்கும் அல்ட்ராட்வார்ஃப் பெர்முடாவுக்குப் போனது. கியாவாவின் கடலோர மைதானம் உப்பைத் தாங்கும் பாஸ்பாலம் புல்லில் 2012லும் 2021லும் பிஜிஏ சாம்பியன்ஷிப்பை நடத்தியது.

இவை எல்லாவற்றிலும் புல் மாறியது தட்பவெப்பத்துக்காக. போட்டி அதற்கு ஒரு சாக்கு, அவ்வளவே. போட்டிக்கு இரண்டு முழு வளர்பருவத்துக்குக் குறைவாக இருந்தால் கிரீனின் புல்லை மாற்றவே கூடாது என்பது என் கருத்து. புதிய புல்லின் வாடும் எண், அதன் நோய்கள், மதியத்தில் அது எப்படி மாறும் என்பதையெல்லாம் அறிந்துகொள்ள அவ்வளவு காலம் பிடிக்கும். ஓக்மாண்டும் பெபிள் பீச்சும் களை என்று பெயரெடுத்த போவாவிலேயே பெரிய போட்டிகளை நடத்துகின்றன. அந்த ஊழியர்களுக்கு அந்தப் புல் அத்துப்படி.

ரஃபை வளர்ப்பதா, தரையைக் கெட்டியாக்குவதா?

கிரீன் மென்மையாகிவிட்டால் மிஞ்சும் காவல் ரஃப் என்று நினைப்பார்கள். 2020 யுஎஸ் ஓப்பனுக்கு விங்ட் ஃபுட் மைதானத்தில் அடர்ந்த ரஃப் வளர்த்தார்கள். பிரைசன் டிஷாம்போ நான்கு நாளில் 56 ஃபேர்வேயில் 23ஐ மட்டுமே தொட்டு, ஆறு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். பாருக்குக் கீழே முடித்தவர் அவர் ஒருவர்தான். ரஃப் எல்லோரையும் பிடித்தது, ஆனால் மிக நீளமாக அடித்துக் குட்டைக் கழியோடு ரஃபில் நின்றவரைக் குறைவாகப் பிடித்தது.

பைன்ஹர்ஸ்ட் எதிர்த்திசையில் போனது. மைதான வடிவமைப்பாளர்கள் பில் கூரும் பென் கிரென்ஷாவும் 2010 முதல் அங்கே ரஃபை அகற்றி, மணலும் காட்டுப்புல்லும் இருந்த பழைய தோற்றத்தை மீட்டார்கள். தண்ணீர் தெளிக்கும் தலைகள் 1,150லிருந்து 450 ஆகக் குறைந்தன. 2014இல் ஆண்கள், பெண்கள் யுஎஸ் ஓப்பன்கள் அடுத்தடுத்த வாரங்களில் அங்கே நடந்தன. மார்ட்டின் கைமர் கிரீனுக்கு வெளியேயிருந்தும் பட்டர் என்ற, பந்தை உருட்டும் கழியையே எடுத்து, எட்டு ஸ்ட்ரோக்கில் வென்றார். மணலில் விழுந்த பந்து நன்றாகக் கிடக்கலாம், செடியின் அடியிலும் கிடக்கலாம். வீரர் ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. எனக்குப் பிடித்தது இதுதான், தண்ணீரும் மிச்சம். ஆனால் இது மணல் நிலத்துக்கே வாய்க்கும். கனத்த மண்ணில் ரஃபை அகற்றினால் சேறுதான் மிஞ்சும். அங்கே ஃபேர்வேயை ஒட்டிக் குட்டையாகவும், தள்ளிப்போகப் போக நெட்டையாகவும் ரஃபைப் படிப்படியாக வைப்பது நியாயம். 2006இலேயே விங்ட் ஃபுட்டில் அப்படித்தான் வைத்தார்கள்.

பங்கர்கள் என்ற மணல்குழிகளைப் பற்றிச் சுருக்கமாக: எல்லாப் பங்கரிலும் மணல் ஒரே ஆழத்தில் இருக்கட்டும், கையால் வாரப்படட்டும். புது மணலைப் போட்டிக்குச் சில வாரம் முன்பு கொட்டாதீர்கள், அது படிய மாதங்கள் ஆகும்.

குழாயை யார் பிடிப்பது?

பெரிய போட்டிகளுக்கு வேறு மைதானங்களிலிருந்து கிரீன்கீப்பர்கள் தன்னார்வலராக வந்து உதவுவது இந்தத் தொழிலின் மிக அழகான வழக்கம். அதிகாலை மூன்றரைக்கு எழுந்து, வேறொருவர் புல்லுக்காக வேர்க்கிறார்கள். அவர்களிடம் ஃபேர்வே வெட்டு, பங்கர் வாருதல், பேர்ந்த புல்லை நிரப்புதல், உருளையைக்கூடக் கொடுக்கலாம். குழாயை மட்டும் கொடுக்கக் கூடாது. எந்த மேடு முதலில் வாடும், எந்தப் பள்ளத்துக்கு ஒருபோதும் தண்ணீர் வேண்டாம் என்பது அந்தக் கிரீனோடு ஆண்டுகளைக் கழித்தவருக்குத்தான் தெரியும். உள்ளூர் ஆட்களை வெட்டுவதற்கும் வந்தவர்களைத் தண்ணீருக்கும் அனுப்புகிற மைதானங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

உறுப்பினர்களுக்கு மைதானத்தை எப்போது மூடுவது என்ற வாக்குவாதமும் வரும். முழுதாக ஒரு மாதம் மூடுவதா, ஆட்களைக் குறைத்து ஆடவிடுவதா? கிரீனைப் பொறுத்தவரை கடைசி வாரம் மூடினால் போதும், ஆட்களின் நடமாட்டம் கொஞ்சம் இருப்பது பரப்பைக் கெட்டியாக வைக்கும். ஃபேர்வேயும், முதல் அடியை அடிக்கும் இடமான டீயும் அப்படி இல்லை. பேர்ந்த புல் மூட வாரங்கள் வேண்டும். பந்து விழும் இடங்களிலிருந்து அடிக்கக் கையில் ஒரு சின்ன விரிப்பைக் கொடுத்து ஆடவிடுவதும், போட்டி டீக்களைக் கயிறு கட்டி மூடுவதும் முழு மூடலைவிட நல்ல வழி.

ஞாயிறு மாலை கோப்பை கொடுத்து முடிந்ததும் வேலை மறுபடி தொடங்குகிறது. அன்றிரவே கிரீன்களுக்கு ஆழமாகத் தண்ணீர். திங்கட்கிழமை வெட்டவே வேண்டாம். செவ்வாயன்று கத்தியை அரை மில்லிமீட்டர் ஏற்றி, பென்சில் பருமனில் ஊசித்துளை குத்தி, உரம் கொஞ்சம். குழி வெட்டிய பழைய இடங்களைச் சுற்றி நடந்து, எது எழவில்லை என்று பார்க்க வேண்டும். மேடுகளிலிருந்து தொடங்குங்கள்.